வாசலில் என் செருப்பு கிடந்த நாள்

மோனே,

ஷைனி நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று உனக்குப் போனில் சொன்னேன். வந்த மூன்றாம் நாள் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள் என்பதைச் சொல்லவில்லை. போனில் நான் வாயைத் திறந்தால் அது பிரசங்கமாகிவிடும், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். சாலைக் கடைவீதியில், துணிக்கடை மேசைக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் நின்று பேசியே பிழைத்தவன் நான். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் பேசி உனக்குச் செய்த கெடுதலைப் பேசியே சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

அன்று மாலை உன் அம்மா ஏத்தன் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம் தொடங்கிவிட்டது, தெரியும்தானே? நான் பத்திரிகையோடு உள்ளே போனேன். என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, அவிய சின்னதுல இருந்தே இப்படித்தானா?" உன்னைத்தான் சொன்னாள். எப்படி என்று கேட்டேன். அவளுக்கு முதலில் சொல்லத் தயக்கம். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீ காலையில் எழுந்ததும் செய்தி பார்க்கிறாயாம், சாப்பிடும்போதும் செய்தியாம். எங்கே குண்டு விழுந்தது, எங்கே பூமி அதிர்ந்தது, எந்த ஊரில் புதிதாக என்ன காய்ச்சல் என்று ஒன்றுவிடாமல் உன் போனில் படமாகச் சேர்த்து வைத்திருக்கிறாயாம். குழந்தை உண்டாகியிருப்பது தெரிந்த அன்று அவள் சிரித்துக்கொண்டு வந்து சொன்னபோது, நீ கட்டிலில் உட்கார்ந்து, "நம்ம என்ன காரியம் செஞ்சிட்டோம் ஷைனி?" என்று கேட்டாயாம். ஸ்கேனுக்கு நீ அவளோடு போகவில்லை. பிரசவத்துக்கு வர லீவு கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிட்டாய். இங்கே வந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து உனக்கு அனுப்பினாள். அதை நீ இன்றுவரை திறக்கவில்லை. திறந்தால் அவள் போனில் டிக் நிறம் மாறுமாம். அவள் தினமும் எடுத்துப் பார்க்கிறாள்.

ஷைனி இதையெல்லாம் சொன்னபோது உன் அம்மா தலை நிமிரவே இல்லை. பேச்சு முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நாற்பது வருடமாக அவளோடு வாழ்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். நான் எழுந்து உள்ளறைக்குப் போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் பழைய நோட்டை எடுத்தேன். உனக்கு அதை நினைவிருக்கும். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. கடையில் துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டி, ஓரத்தில் வேத வசனத்தின் எண்ணை எழுதி வைப்பேன். தமிழ்ப் பத்திரிகை, மலையாளப் பத்திரிகை இரண்டும் உண்டு. போர் ஒரு பக்கம், பஞ்சம் ஒரு பக்கம், பூமியதிர்ச்சி ஒரு பக்கம். நீ போனில் வைத்திருப்பதும் இதே நோட்டுதான். வசன எண் மட்டும் இல்லை. நீ கோயிலுக்குப் போவதை விட்டு எட்டு வருடம் ஆகிறது. என் மகன் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்று எத்தனை பேரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். என்னிடமிருந்த விசுவாசத்தை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் நீ பத்திரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அந்த நோட்டு எப்போது தொடங்கியது என்பதை நீ அறிய மாட்டாய். நீ பிறந்த சமயம் வளைகுடாவில் சண்டை. நாங்கள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து, கரமனை ஆற்றுக்கு இப்பால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டு, ஒரு கோலால் ஊர் ஊராகத் தொட்டுக் காட்டி, ஆண்டவருடைய இரண்டாம் வருகை வாசலில் வந்து நிற்கிறது என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னேன்: "இவன் பெரியவனாவதுக்கு முன்ன எல்லாம் முடிஞ்சிரும், கேட்டியா?" அவள் உன்னை மார்போடு சேர்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு விசுவாசம் குறைவு என்று நினைத்து, நோட்டில் முதல் செய்தியை வெட்டி ஒட்டினேன். நீ இப்போது ஷைனியிடம் சொன்னதைத்தான் நான் அன்று உன் அம்மாவிடம் சொன்னேன். உன்னைப்போல் வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. பெரிய விஷயம் தெரிந்துவிட்ட பெருமையோடு சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் உனக்கு எல்லாம் மலையாளம். தமிழ் விட்டுப்போய்விடக் கூடாது என்று குடும்ப ஜெபத்தில் நான்தான் உனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்து சொல்லிக் கொடுத்தேன்? ஆட்டிடையனின் பாட்டு இருக்கிறது, காணாமல்போன மகன் திரும்பி வந்த கதை இருக்கிறது. நான் எடுத்தது வேதத்தின் கடைசிப் புத்தகம், உலக முடிவைச் சொல்வது. மற்றப் பிள்ளைகள் அம்மா, ஆடு என்று தமிழ் படித்தார்கள். நீ எக்காளம், வலுசர்ப்பம், கந்தகம் என்று படித்தாய். வலுசர்ப்பம் என்ற சொல்லை ஆறு வயதில் திக்காமல் வாசித்தாய் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னேன். நீ வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். சந்தோஷத்தில் பார்க்கிறாய் என்று நினைத்தேன். பயந்து போய்ப் பார்த்தாய் என்று இப்போது தோன்றுகிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயது. மாலை நான்கு மணி, எனக்குக் கடை லீவு. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். கதவு திறந்து கிடந்தது. வாசலில் என் செருப்பு இருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. உன் அம்மாவின் கண்ணாடி மேசைமேல் இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆள் மட்டும் இல்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோய்க் கத்தினார் என்று நாங்கள் இருவரும் போட்டது போட்டபடி ஓடியிருந்தோம். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். செருப்புப் போடக்கூட நேரமில்லை. உனக்கு அது எப்படித் தெரியும்? வருகை வரும்போது விசுவாசிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், செருப்பும் கண்ணாடியும் கிடந்த இடத்தில் கிடக்கும், கைவிடப்பட்டவர்கள் அழுதுகொண்டு தேடுவார்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன். துணியைச் சுருளோடு பிரித்து மேசைமேல் விரித்துக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக விரித்துக் காட்டியிருந்தேன்.

நீ பையைப் போட்டுவிட்டு மூன்று தெரு தாண்டிப் போதகர் வீட்டுக்கு ஓடினாய். அவர் இருக்கிறாரா, அவரும் போய்விட்டாரா என்று பார்க்க. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாயாவில் ரஸ்க்கை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, "அய்யா, நீங்களும் போவலியா?" என்று கேட்டாய். அவர் ஒன்றும் புரியாமல், "எங்க மக்களே போணும்?" என்றார். அதற்குப் பிறகு நீ அழுத அழுகையைக் கேட்டு அவர் பயந்துபோய், உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இந்தக் கதையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் இதுதான். சிறு பிள்ளைக்கு எவ்வளவு விசுவாசம் பாருங்கள் என்று ஆரம்பிப்பேன். "அய்யா, நீங்களும் போவலியா?" என்ற இடத்தில் சபையே விழுந்து விழுந்து சிரிக்கும். போதகரும் சிரிப்பார், பாவம். பன்னிரண்டு வயதில் நீயும் கூடச் சிரித்தாய். பதினாறு வயதில் அந்த இடம் வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாய். கடைசியாக உன் கல்யாண விருந்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஷைனியின் சொந்தக்காரர்கள் முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். நீ கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றாய். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, கைதட்டல் வந்ததால், கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் ஒரு முறைகூட நான் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ மறந்திருப்பாய் என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்று விளக்கு வைத்து ஜெபம் முடிந்ததும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாய்: "அப்பா, நெசமாட்டு வருகை வந்தா, என்ன விட்டுட்டுப் போயிருவியளா?" எந்தத் தகப்பனும் அந்த நேரம் பிள்ளையை வாரி எடுத்து மடியில் போட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? இவன் பயம் தணிவதற்குள் நல்ல பழக்கத்தைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "நீ நல்ல பிள்ளையாட்டு இருந்தா சேந்து போலாம். இல்லேங்கி அப்பா என்ன செய்ய முடியும்?" என்றேன். நீ எழுந்து போய் உன் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாய். அதற்காக நான் ஆண்டவருக்கு நன்றியும் சொன்னேன். எழுதவே கூசுகிறது மோனே, ஆனால் சொன்னேன்.

அன்றிலிருந்து என் செருப்பை நீ நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாசலில் செருப்பு கிடந்தாலும், கேட்டில் நின்றபடியே "அப்பா, உண்டா?" என்று கூப்பிடுவாய். உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் படி ஏறுவாய். இப்போது உனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. கடல் தாண்டி வளைகுடாவுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. போனை எடுத்ததும் மற்றவர்கள் ஹலோ என்பார்கள், சுகமா என்பார்கள். நீ "அப்பா, அங்க உண்டா?" என்றுதான் கேட்பாய். லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாய் என்று நினைத்து, "உண்டு உண்டு, நல்லா கேக்குது" என்று பதில் சொல்லிவந்தேன். எவ்வளவு பெரிய மடையன் உனக்குத் தகப்பனாக வாய்த்திருக்கிறான் பார்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் கட்டடக்கலை படிக்க வேண்டும், ஐந்து வருடப் படிப்பு என்றாய். மார்க்கும் இருந்தது. நான், "அஞ்சு வருஷமா? அதுவரைக்கும் உலகம் இருக்குமா மோனே?" என்றேன். விளையாட்டுக்கும் இல்லை, முழுக்கக் காரியமாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் சொன்னேன். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய். இப்போது யாரோ வரைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கட்டிக் கொடுக்கிறாய். உலகம் இருந்தது. ஐந்து வருடமும் இருந்தது, அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமும் இருந்தது.

போன மாதம் உங்கள் ஊர் வானத்தில் ஏவுகணை போன அன்று நீ போனை ஜன்னல் பக்கம் வைத்துச் சைரன் சத்தத்தைக் கேட்க வைத்தாய்.  விமானமெல்லாம் நிறுத்திவிட்டார்கள், ஷைனியும் நீயும் அங்கே. நானும் அம்மாவும் முழங்காலில் நின்றோம். அது உண்மையான ஜெபம்தான். ஆனால் மறுநாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய்ப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். பத்திரிகையை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். உன் அம்மா சாயா கொண்டுவந்து வைத்தவள், அப்படியே நின்றாள். "நம்ம பிள்ளைய அங்க வச்சுக்கிட்டு இத வெட்டுதியளா? நீங்க ஆண்டவருக்க வருகைக்கு ஒண்ணும் காத்திருக்கல்ல. சண்டைக்காக்கும் காத்திருக்கிய." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயா ஆறிப்போகும் என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, நீ என்னை அறிவாய். எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். அங்கே நின்று யோசித்தபோது, சைரனைக் கேட்ட பயத்தின் அடியில், நான் சொன்னது நடக்கிறது என்ற ஒரு சின்னத் திருப்தி எனக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தேன். என் மகன் தலைக்கு மேலே நெருப்பு பறக்கிறது, எனக்குத் திருப்தி. கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் போட்டுவிட்டேன். அது இப்போது அம்மாவிடம் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜெபம் நம் வீட்டில். ஷைனி வந்திருக்கிறாள் என்று எல்லாரும் சந்தோஷமாக வந்தார்கள். யாரோ ஒருவர், "அந்தப் பழைய சாட்சியச் சொல்லுங்க, மருமகளும் உண்டில்லியா" என்றார். இரண்டு பேர் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். ஷைனி சுவரில் சாய்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.  "அது சாட்சி இல்ல. பிள்ளைய பயங்காட்டுன கதையாக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.  பிறகு யாரோ பாட்டை எடுத்தார்கள்.

ஊரறியச் சொன்னதை ஊரறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால் இந்தக் கடிதத்தைச் சபையின் மாத இதழில் போடக் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் இந்த முறை முதலில் உன்னிடம் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு இருக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறேன், அவ்வளவுதான். நான் வருகையை இன்னும் நம்புகிறேன். அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். உலகம் நன்றாகிவிடும், சண்டை நின்றுவிடும் என்றும் என்னால் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. காலையில் பத்திரிகை வாசலில் விழும் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் இந்த மூன்று வாரமாக அதே அதிகாரங்களைக் கத்தரிக்கோல் இல்லாமல் முழுசாக வாசித்துப் பார்க்கிறேன். போரும் பஞ்சமும் சொல்லியிருக்கிற அதே இடத்திலேயே கலங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. எப்போது என்பது யாருக்கும் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டையும் உனக்கு நான் ஒரு நாளும் எழுத்துக்கூட்டிக் காட்டவில்லை. நீ கோயிலுக்குப் போ, போகாமல் இரு, அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். என்னிடமிருந்து வாங்கிய பயத்தை மட்டும் அந்தக் குழந்தைக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடாதே. அது உன் பயம் இல்லை, என்னுடையது. நான்தான் அதை உன் மேல் போட்டேன்.

ஷைனி அனுப்பியதைத் திற. நான் அந்தத் துடிப்பைக் கேட்டேன். குதிரை ஓடுவதுபோல் அத்தனை வேகம். பிரசவத்துக்கு வர முடியுமா என்று இன்னொரு முறை கேட்டுப் பார். முடியாமல் போனாலும் பரவாயில்லை, பயத்தால் வராமல் இருந்துவிடாதே.

ஒன்பது வயதில் நீ கேட்ட கேள்விக்கு இருபத்தாறு வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன். நெசமாட்டு வருகை வந்தால் நான் போக மாட்டேன் மோனே. இது வேதத்தின்படி சரியா என்று எனக்குத் தெரியாது, போதகரிடம் கேட்கவும் மாட்டேன். கூப்பிடுகிறவரிடம், "எனக்க பையன் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரல்ல ஆண்டவரே, அவன் வந்ததும் சேந்து வாறோம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு கேட்டருகில் நிற்பேன். அவரும் ஒரு தகப்பன்தானே, நிற்க விடுவார்.

இங்கேயே உண்டு,
அப்பா